படிக்குப் போட்ட உப்பு

மாண்ட்ரீலில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டில் இரண்டு உப்பு இருந்தது. ஒன்று அடுப்படியில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில், சமையலுக்கு. இன்னொன்று வாசல் கதவுக்குப் பின்னால் பெரிய மூட்டையில், படிக்கு. ஒருமுறை திருச்சியிலிருந்து என் தங்கை கூப்பிட்டபோது, "இருடி, படிக்கு உப்புப் போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து ரிசீவரை எடுத்தால் அந்தப் பக்கம் அழாத குறை. குளிரில் அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தாள். அவளுக்கு எப்படி விளக்குவது? இந்த ஊரில் வீட்டையெல்லாம் ஒழுங்காகக் கட்டிவிட்டு மாடிப்படியை மட்டும் வெளியே தூக்கி வைத்துவிட்டார்கள். நடைபாதையிலிருந்து ஓர் இரும்புப் படி வளைந்து வளைந்து மாடிக்கு ஏறும். மேலே கூரை கிடையாது. வருஷத்தில் ஐந்து மாதம் பனி கிடக்கிற ஊரில் எந்தப் புண்ணியவான் இந்த யோசனையைச் சொன்னானோ தெரியாது. வீட்டுக்குள் இடம் மிச்சமாகும் என்று செய்தார்களாம். மிச்சம் பிடித்த இடத்தில் என்ன வைத்தார்கள் என்றால், ஐந்து மாதம் வெளியே வர முடியாமல் உட்கார்ந்திருக்க என்னை வைத்தார்கள்.

உப்பைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திருச்சியில் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினோரு வருஷம் வேதியியல் எடுத்தவள் நான். பிளஸ் டூவில் 'உறைநிலைத் தாழ்வு' என்று ஒரு பாடம் உண்டு. தண்ணீரில் உப்பைக் கரைத்தால் அது உறைவதற்கு இன்னும் அதிகக் குளிர் வேண்டும். ஆனால் அதற்கும் மைனஸ் இருபத்தொன்று என்று ஓர் எல்லை இருக்கிறது, அதைத் தாண்டிவிட்டால் ஐஸின்மேல் போட்ட உப்பும் ஒன்றுதான், மணலும் ஒன்றுதான். ஃபிரிட்ஜ் தட்டில் இருக்கும் ஐஸைத் தவிர வேறு ஐஸைப் பார்த்தறியாத நான், வியர்வையைத் துடைத்துக்கொண்டே இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, வியர்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தேன். என் கணவர் பாஸ்கருக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை கிடைத்ததும் வேலையை விட்டுவிட்டு அவரோடு கிளம்பினேன். என் சான்றிதழ்களை இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதலில் பிரெஞ்சு படித்துவிட்டு வா என்றார்கள். சரி, படிக்கிறேன் என்று ஒரு வகுப்பில் சேர்ந்தேன். மாண்ட்ரீலில் லாசால் என்ற பகுதியில் வீடு எடுத்தோம். எடுத்தது ஜூலை மாதம். ஜூலையில் அந்தப் படியைப் பார்த்து, போட்டோ எடுக்க நல்ல இடம் என்று சொன்னவளும் நான்தான்.

ஜனவரியில் விழுந்தேன். இந்த ஊரில் சில நாள் பனிக்குப் பதிலாக மழை பெய்யும். விழுகிற இடத்திலேயே அது கண்ணாடியாக உறைந்துவிடும். முதல்நாள் அப்படிப் பெய்து, மறுநாள் கடுங்குளிர். பிரெஞ்சு வகுப்புக்குக் கிளம்பியவள் மொத்தம் பத்தொன்பது படியில் மேலிருந்து ஐந்து படி இறங்கினேன். ஆறாவது படியில் கால் போனது. பிறகு நான் இறங்கவில்லை, படிதான் என்னை இறக்கிவிட்டது. கீழ்வீட்டில் குடியிருந்த குணம் அண்ணை சத்தம் கேட்டு இடுப்பில் கட்டிய வெறும் சாரத்தோடு ஓடிவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஊருக்கு வந்து இருபது வருஷம் ஆனவர், ரொட்டி பேக்கரியில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். "அசையாதேங்கோ தங்கச்சி, அப்பிடியே இருங்கோ" என்று அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. கை ஆறு வாரத்தில் கூடிவிட்டது. பயம் மட்டும் ஆறவில்லை. கதவைத் திறந்து படியைப் பார்த்ததுமே சாத்திவிட்டு உள்ளே வந்துவிடுவேன். வகுப்பு நின்றது. என் கணவர் விடியும் முன்னே பஸ் பிடித்து அங்கிரிஞோன் நிலையத்துக்குப் போய், பச்சை மெட்ரோவில் ஏறி, மஞ்சள் மெட்ரோவுக்கு மாறி லொங்குய் போய்விடுவார். இருட்டின பிறகுதான் வருவார். நான் சன்னலோரம் உட்கார்ந்து தெருவில் யார் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். சிறையில் இருப்பவர்களைக்கூட முற்றத்தில் ஒரு நடை நடக்க விடுவார்கள்.

பிப்ரவரியில் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு பதிவுத் தபால் வந்தது. வீட்டுக்காரர் இத்தாலியக் கிழவர், நல்ல மனுஷர், பார்க்கும்போதெல்லாம் தக்காளி வளர்ப்பதைப் பற்றிப் பேசுவார். படியின் இரும்பை அரிக்கும் என்று, கடுங்குளிரிலும் கரைகிற நல்ல ரக உப்பைப் போடக் கூடாது என்று தடுத்தது ஒன்றுதான் அவர்மேல் எனக்குக் கோபம். கடிதம் முழுக்கப் பிரெஞ்சு. என் கணவர் அகராதியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் போராடி, வாடகையை ஏற்றி அடுத்த ஜூலையிலிருந்து இன்னொரு வருஷத்துக்கு ஒப்பந்தம் கேட்கிறான் என்று கண்டுபிடித்தார். கடைசியில் மூன்று கட்டம், கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. குணம் அண்ணையிடம் காட்டலாமே என்றேன். நம் வீட்டு விஷயத்தை எதற்கு ஊரெல்லாம் காட்ட வேண்டும் என்றார் இவர். அப்புறம் ஏதோ பெரிய கேஸ் ஜெயித்தவர் மாதிரி சிரித்துக்கொண்டே, "கையெழுத்துப் போட்டாத்தானே? போடவே போறதில்ல. என்ன பண்ணிடுவான்?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, நானும் சிரித்தேன். இதைப் படிக்கும் ஊர்க்காரர்களே, உங்களுக்கும் சரியாகத்தானே படுகிறது? நம் ஊரில் கையெழுத்து விழாமல் என்ன நகரும்? ரேஷன் கார்டிலிருந்து பத்திரம் வரைக்கும் ஒரு கையெழுத்துக்காக நாம் எத்தனை நாள் நடந்திருக்கிறோம். பிடிக்காத காரியத்தைத் தடுக்க வேண்டுமென்றால் காகிதத்தை அப்படியே வைத்திருந்தால் போதும், அது தானாகச் செத்துவிடும். அந்தக் கடிதத்தையும் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவைத்தோம்.

மார்ச் மாதம் இவரை அலுவலகத்தில் மூன்று வாரத்துக்கு பிரஸ்ஸல்ஸ் அனுப்பினார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே வெளிநாட்டுச் சுற்றுலா அதுதான். விமானத்துக்குக் கிளம்பிய அன்று பத்தொன்பது படியையும் நான் உட்கார்ந்தே இறங்கினேன், கைக்குழந்தை தவழ்ந்து இறங்குகிற மாதிரி. பிரஸ்ஸல்ஸில் தினமும் மழை. அலுவலகத்துக்காரர்கள் அதற்காக இவரிடம் வருத்தம் தெரிவித்தார்களாம். எனக்கென்ன வருத்தம்? தண்ணீர் தண்ணீராக விழுந்தது, அது போதாதா. தங்கிய கட்டடத்தில் லிப்ட் இருந்தது. காலையில் இவர் போனதும் நானும் இறங்கிவிடுவேன். கால் போன தெருவெல்லாம் நடந்தேன். காகிதக் கூம்பில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி நின்றபடியே தின்றேன். ஒருநாள் டிராமில் பக்கத்தில் உட்கார்ந்த வெள்ளைக்கார அம்மா, எந்த ஊர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். திருச்சி என்றால் புரியாது என்று மாண்ட்ரீல் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அங்கே பனியைப் பார்ப்பது தன் வாழ்நாள் ஆசையாம், என்ன அழகு, என்ன அமைதி என்றார். என் வீட்டிலேயே வந்து தங்கிக்கொள்ளுங்கள், எவ்வளவு நாள் வேண்டுமானாலும் என்றேன். மனசார, அடிவயிற்றிலிருந்து சொன்னேன். நான் ரொம்ப நல்லவள் என்று நினைத்து அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சனி ஞாயிறுகளில் ரயில் ஏறிவிடுவோம். பாரிஸில் கோபுரத்தின் அடியில் நின்று புது டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்துக்கொண்டோம். சால்வை காற்றில் பறக்க, நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்திருப்பேன் அதில். பின்னால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் பழைய பள்ளி ஆசிரியைகள் எல்லோரும் "உனக்கென்ன மாலதி, கொடுத்துவைத்தவள்" என்று எழுதினார்கள். ஆம்ஸ்டர்டாமில் எடுத்த அறைக்கு ஏணியைவிடச் செங்குத்தாக ஒரு மரப்படி. நான் மூன்று மாடியும் மடமடவென்று ஏறி மேலே நின்றுகொண்டு சிரித்தேன். மூச்சு வாங்க ஏறிவந்த இவர், இங்கே மட்டும் பயமில்லையா என்று கேட்டார். வீட்டுக்குள் இருக்கிற படிக்கு நான் எதற்குப் பயப்பட வேண்டும்? அன்று திரும்பி வருகிற ரயிலில்தான் நான் நாளை எண்ணிப் பார்த்தேன். இன்னும் நான்கு நாளில் விமானம். "என்னங்க, அந்தப் படியில இன்னொரு குளிர்காலம் என்னால முடியாது. முடியாதுன்னா முடியாது" என்றேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவரோ, ஜூன் முடிந்ததும் மாற்றிவிடலாம், தரைத்தள வீடாகப் பார்க்கலாம், சத்தியம் என்றார். என் வாழ்க்கையில் ஒரு ரயிலில் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதில்லை.

மே மாதம் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு வீடு கிடைத்தது. இங்கே எல்லோரும் என்.டி.ஜி. என்பார்கள். தெருவிலிருந்து ஒரே ஒரு படி, அதற்கு மேலே தகரக் கூரை. அந்த வீட்டம்மா ஜூன் பதினைந்து வரை எங்களுக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். சந்தோஷமாக லாசால் வீட்டுக்காரரிடம் போய், ஜூன் முப்பதோடு காலி செய்கிறோம் என்றோம். அவர் தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். நீங்கள் பதில் எழுதவில்லையே, எழுதாததால் இன்னொரு வருஷம் இருக்கிறீர்கள் என்றார். கையெழுத்தே போடவில்லையே என்றார் இவர். ஆமாம், அதனால்தான் என்றார் அவர். அவர் முகத்தில் ஏமாற்றுகிற சாயல் துளியும் இல்லை. நாங்கள்தான் ஏதோ விளையாடுகிறோம் என்று அவர் நினைத்தார். அன்று குணம் அண்ணையிடம் கடிதத்தைக் காட்டினோம். ஃபிரிட்ஜில் இத்தனை நாள் ஒட்டியிருந்ததில் ஒரு ஓரம் மஞ்சளாகியிருந்தது. படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "மூண்டாவது பெட்டியிலை ஒரு கீறு போட்டு அனுப்பியிருந்தா நீங்கள் போயிருக்கலாம். இஞ்சை ஒரு மாதம் பேசாமல் இருந்தா இருக்கிறம் எண்டுதான் எடுப்பினம். ஒருக்கா என்னட்டைக் காட்டியிருக்கலாமே தம்பி" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரை மட்டும் எப்படித் திட்டுவது? நானும்தானே சேர்ந்து சிரித்தேன்.

தப்பிக்க ஒரு வழி உண்டு என்றார் குணம் அண்ணை. எங்கள் இடத்துக்கு இன்னொருவரைப் பிடித்து ஒப்பந்தத்தை அவர்கள் பேருக்கு மாற்றிக்கொடுத்தால் போகலாம்; சரியான காரணம் இல்லாமல் வீட்டுக்காரர் மறுக்க முடியாது. அதாவது, நான் வெளியே வர வேண்டுமானால் உள்ளே இன்னொருவர் வர வேண்டும். பலசரக்குக் கடைகளிலும் பல்கலைக்கழகப் பலகையிலும் நோட்டீஸ் ஒட்டினோம். நிறையப் பேர் வந்தார்கள். இந்த ஊரில் பிறந்தவர்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் படியைப் பார்த்தார்கள். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார்கள், பனியை யார் அள்ளுவது என்று கேட்டார்கள், மெர்சி என்று ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஜூன் பத்து, பதினொன்று என்று நாள் ஓடியது. பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் நித்யாவும் கார்த்திக்கும் வந்தார்கள். கும்பகோணத்துப் பக்கம், கல்யாணமாகி நான்கு மாதம், மாண்ட்ரீலுக்கு வந்து மூன்று வாரம். அவர்கள் படியை ஏறி வந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. பாதிப் படியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் வருவதற்கு முன் இவர் என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தார், கேட்டால் மட்டும் பதில் சொல் என்று. துணி துவைக்கிற மெஷினைக் காட்டக் கார்த்திக்கைக் கூட்டிக்கொண்டு அவர் கீழே போனார். அடுப்படியில் நானும் நித்யாவும். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கும். பிரெஞ்சு வகுப்பில் சேரப்போவதாகச் சொன்னாள். ஃபிரிட்ஜ் கதவில் கடிதம் இருந்த இடத்தில் இப்போது ஐரோப்பாப் படங்கள். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பாரிஸ் படத்தில் விரலை வைத்து, "இந்த வீட்டுக்கு வந்தப்புறம்தான் போனீங்களாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப ரொம்ப ராசியான வீடுக்கா இது." சன்னல் வழியாக வந்த வெயில் படியில் அழகாக விழுந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

"பனிக்காலத்துல இந்தப் படி வழுக்காதாக்கா?"

பதினோரு வருஷம் பாடம் எடுத்த வாய். "உப்பு போட்டாப் போதும்மா. சரியாயிடும்" என்றேன்.

ஜூலை முதல் தேதி இந்த ஊர் முழுக்க வீடு மாறுகிற நாள். எல்லா ஒப்பந்தமும் ஒரே நாளில் முடிவதால் தெருவெல்லாம் சோபாவும் மெத்தையும் நடமாடும். எங்கள் சாமான் இறங்க, அவர்கள் சாமான் ஏறியது. நித்யா எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு தட்டில் உப்பும் மஞ்சளும் வைத்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். கதவுக்குப் பின்னால் பாதி மூட்டை உப்பு மிச்சம் இருந்தது. உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்று எங்கள் வீட்டில் தரையில் வைத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். நானும் மூட்டையைத் தரையிலேயே காட்டி, இதை வைத்துக்கொள் என்றேன். பாரிஸ் படத்தை மட்டும் ராசிக்கு இருக்கட்டும் என்று அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். லாரியில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்று இவர் நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

என்.டி.ஜி. வீட்டில் ஒரு படி. நான் நினைத்தபோது வெளியே போனேன், வந்தேன். திரும்பவும் வகுப்பில் சேர்ந்தேன். டிசம்பரில் முதல் பெரிய பனி விழுந்த அன்று தகரக் கூரையின் கீழ் நின்று தெருவைப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. ஆனாலும் பார்வை லாசால் பக்கமே போனது. ஜனவரியில் ஒருநாள் குணம் அண்ணை போன் செய்தார். அங்கே விட்டுப்போன ஒரு தபாலைப் பற்றிச் சொல்லத்தான் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக, "உங்கட மேல்வீட்டுப் பிள்ளை இப்ப வெளியாலை வாறேல்லை தங்கச்சி. யன்னலுக்குள்ளை நிண்டு பாத்துக்கொண்டிருக்கும், நீங்கள் நிண்டமாதிரி" என்றார். விழுந்துவிட்டாளா என்று கேட்டேன். ஒருதரம் சறுக்கினாள், அடி பெரிசாக இல்லை, ஆனால் பயந்துபோனாள் என்றார். எனக்கு அன்று முழுக்க எதுவும் ஓடவில்லை. மறுநாள் காலையில் இவர் வேலைக்குப் போனதும், கடையில் உப்பு மூட்டை ஒன்று வாங்கிக்கொண்டு லாசாலுக்குப் பஸ் ஏறினேன். எதற்கு உப்பு என்று கேட்காதீர்கள். வெறுங்கையோடு போக முடியவில்லை, அவ்வளவுதான். பஸ் நிறுத்தத்தில் மருந்துக்கடைப் பலகை மைனஸ் இருபத்துமூன்று காட்டியது.

படியைப் பார்த்ததும் புரிந்தது. பத்தொன்பது படியிலும் அவள் உப்புப் போட்டிருந்தாள். தாராளமாக, கை நிறைய அள்ளிப் போட்டிருந்தாள். ஐஸின்மேல் ஜவ்வரிசியைக் கொட்டி வைத்தது போல ஒரு கல்கூடக் கரையாமல் அப்படியே கிடந்தது. மேலே கதவு திறந்தது. நைட்டிக்கு மேல் கார்த்திக்கின் கோட்டைப் போட்டுக்கொண்டு நித்யா எட்டிப் பார்த்தாள். மேலே வாங்கக்கா என்றாள். நீ இறங்கி வா, டீ குடித்துவிட்டு வரலாம் என்றேன். அவள் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. நான் மூட்டையை இடுக்கிக்கொண்டு கம்பியைப் பிடித்து ஏற ஆரம்பித்தேன். ஒரு படி, ஒரு மூச்சு. பதின்மூன்று ஏறிவிட்டேன். பதினான்காவது படிதான் நான் விழுந்த படி. அதற்கு மேல் கால் வரவில்லை. எங்களுக்கு நடுவில் ஆறே படி. அவள் அடுக்களைச் சன்னலில் பாரிஸ் படம் ஒட்டியிருந்தது தெரிந்தது.

"நீங்க சொன்ன மாதிரிதான்கா தினம் போடறேன். வேலையே செய்யலையே" என்றாள். குறை சொல்கிற குரல் இல்லை அது. தான் ஏதோ தப்பாகப் போட்டுவிட்டதாக நினைத்துக் கேட்கிற குரல், முதல் வரிசையில் உட்காருகிற பிள்ளையின் குரல்.

"செய்யாதும்மா. இந்தக் குளிருக்கு உப்பு வேலை செய்யாது. அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றேன்.

கதவைச் சாத்திவிடுவாள் என்று நினைத்தேன். சாத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள், கீழே இருந்த படிகளைப் பார்த்தாள்.

"இப்ப நீங்க எப்படிக்கா இறங்குவீங்க?"

திரும்பிப் பார்த்தேன். மேலே இருப்பது நான் தப்பித்து வந்த வீடு. பஸ் பிடித்துப் போனால் இருப்பது இவளைக் கொடுத்து வாங்கிக்கொண்ட வீடு. திருச்சியில் இருப்பது இப்போது தங்கை வீடு. எந்தப் பக்கம் கால் வைத்தாலும் வழுக்கும் போலிருந்தது. மூட்டையைப் படியில் இறக்கி வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.